பக்கவாட்டில் பார்த்த குற்றம்

சாரல் பிடித்துவிட்டால் எங்கள் கல்லூரியில் வகுப்புகள் பாதி காலியாகிவிடும். குற்றாலம் இத்தனை பக்கத்தில் இருக்கும்போது கணினி வலையமைப்பைப் பற்றி யார் உட்கார்ந்து கேட்பார்கள்? நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அன்று காலை முன்வரிசையில் இருந்தவர்களுக்கு மட்டும் பாடம் நடத்திவிட்டு என் அறைக்கு வந்தபோது வாசலில் ஒருவர் நின்றிருந்தார். ஒட்ட வெட்டிய முடி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. தோள் இரண்டும் நனைந்திருந்தன. நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

"நீங்கதான அந்தக் கமிட்டிக்குத் தலைவரு?" என்றார்.

"எந்தக் கமிட்டி, அண்ணாச்சி?"

"கம்ப்யூட்டர் சொல்லுதது சரியா தப்பான்னு பாக்குத கமிட்டி. எம்பிள்ள சொல்லியிருக்கு."

அவர் யாரென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னிடம் இறுதியாண்டு படித்த பெண்ணின் அப்பா. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, திருவேங்கடம் பக்கத்தில் மானாவாரி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அவளுக்கு இரண்டு பருவத் தேர்வுகள் எழுதக் கல்லூரி தடை போட்டிருந்தது. ஆணை அவள் கைக்குப் போனது முந்தின நாள்.

"பிள்ள காலைலயே ஹாஸ்டல விட்டுக் கெளம்பிட்டாளாம். போனு ஆஃப்ல இருக்கு. நான் நேத்து ராத்திரி அவட்ட பேசினேன், மேடம். 'சரிப்பா, சரிப்பா'ன்னு மட்டும் சொன்னா. அவ அப்பிடிப் பேசுத பிள்ள இல்ல. அதான் மொத பஸ்ஸப் பிடிச்சு வந்தேன்."

விடுதியில் அவளோடு தங்கியிருந்த பெண்ணை வரச் சொன்னேன். அந்தப் பிள்ளை வரும்போதே அழுதுகொண்டு வந்தாள்.

"குத்தாலம் பஸ்ல ஏறினதப் பாத்தேன் மேடம். குளிக்கப் போறியான்னு கேட்டேன். ஆமான்னா. துணி எதுவும் எடுத்துட்டுப் போகல." பிறகு, "அவ கால்குலேட்டர எங்கிட்ட குடுத்துட்டா. இனிமே வேண்டாம், நீ வச்சிக்கோன்னு சொன்னா" என்றாள்.

அவள் அப்பா என்னைப் பார்த்தார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நடந்தது இதுதான். எங்கள் கல்லூரி தன்னாட்சி பெற்றது. தேர்வுகளை நாங்களே நடத்துவோம். அந்த ஆண்டு தேர்வுக்கூடங்களில் ஆசிரியர்களைக் குறைத்துவிட்டு, கணினிகளில் இருக்கும் கேமரா மூலம் மாணவர்களைக் கண்காணிக்கும் மென்பொருள் ஒன்றை நிர்வாகம் வாங்கியது. மாணவர் திரையை விட்டுக் கண்ணை எடுத்தால் அது குறித்துக்கொள்ளும். அடிக்கடி எடுத்தால் சிவப்புக் குறி போடும். அந்தப் பெண்ணுக்குத் தேர்வு முழுக்கச் சிவப்பு விழுந்திருந்தது.

அவளுக்கு வலது கண் கொஞ்சம் மாறுகண். சாதாரணமாகப் பேசும்போது தெரியாது. களைத்திருந்தாலோ, எதையாவது தீவிரமாக யோசித்தாலோ அந்தக் கண் மட்டும் மெல்ல வெளிப்பக்கம் நகரும். வகுப்பில் நான் கடினமான கேள்வி ஒன்றைப் போட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பேன். கண் நகர்ந்தால் கணக்கு அவள் மனதுக்குள் ஓடுகிறது என்று அர்த்தம். சிறிது நேரத்தில் கை தூக்குவாள். பதில் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

மென்பொருளுக்கு அது பக்கத்துத் திரையைப் பார்க்கும் கண்.

விசாரணை முதல்வர் அறையில் நடந்தது. மென்பொருள் நிறுவனத்துக்காரர் சுவரில் இருந்த பெரிய திரையில் எங்கிருந்தோ பேசினார். அவள் கைகளைப் பின்னால் கட்டி நின்றாள்.

"ஏம்மா பக்கத்துல பாத்தே?" என்று முதல்வர் கேட்டார்.

"பாக்கல சார்."

"வீடியோல தெளிவாத் தெரியுதே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். காரணத்தை அவள் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் அந்தக் கண்ணுக்காக என்னென்ன பட்டப்பெயர் கேட்டிருப்பாளோ, அத்தனை ஆண்கள் உட்கார்ந்திருந்த அறையில் அதை அவள் வாயால் எப்படிச் சொல்வாள்? நான் சொன்னேன். அவள் கண்ணின் அமைப்பே அப்படி, யோசித்தால் நகரும், அதைத்தான் இயந்திரம் தப்பாக எடுத்திருக்கிறது என்று விளக்கினேன். சொல்லி முடித்தபோது அவள் முகம் சுருங்கிப் போயிருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

திரையில் இருந்தவர் தங்கள் மென்பொருள் எத்தனையோ கல்லூரிகளில் ஓடுகிறது, இப்படி ஒரு புகார் வந்ததில்லை என்றார். முதல்வர் என் பக்கம் திரும்பி, "ஒருத்தருக்கு விலக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கண்ணு சரியில்லன்னு வருவாங்க மேடம்" என்றார்.

நான் பிறந்தது தென்காசியில், இரும்புக் கடை வைத்திருந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில். பெண்பிள்ளைக்கு இன்ஜினியரிங் எதற்கு என்று ஆணி வாங்க வந்தவர்கள்கூட அப்பாவிடம் கேட்டார்கள். நான் முதன்முதலாகக் கணினியைத் தொட்ட அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஏசிக் குளிரில் வெறுங்காலோடு நின்று முறை வரும்வரை காத்திருப்போம். எழுதிய நிரலில் ஒரு புள்ளி தவறினாலும் அது ஓடாது. ஆனால் ஏன் ஓடவில்லை என்று தேடிப் பிடித்துவிடலாம். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. காரணம் இல்லாமல் அந்தப் பெட்டி யாரையும் வேண்டாம் என்று சொல்லாது. சென்னையில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு முடியாமல் போனபோது ஊர் திரும்பி, கற்பிக்கும் வேலையில் சேர்ந்தேன். பிறகு வேறெங்கும் போகவில்லை.

காலம் மாறியது. இயந்திரங்கள் காரணம் சொல்வதை நிறுத்திக்கொண்டன. லட்சக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கிவிட்டால் அது தானாக ஒரு முடிவுக்கு வரும். ஏன் வந்தது என்று செய்தவர்களாலேயே சொல்ல முடியாது. அதைப் பற்றி நான் கொஞ்சம் எழுதினேன், பேசினேன். அந்தப் பேச்சு எப்படியோ சென்னை வரைக்கும் போய், இப்படிப்பட்ட இயந்திரங்களை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று நெறிமுறை வகுக்கும் அரசுக் குழு ஒன்றில் என்னைப் போட்டார்கள். ரயிலேறிப் போய் வருவேன். இயந்திரம் சொல்வதை மட்டும் வைத்து எந்த மனிதரையும் தண்டிக்கக் கூடாது என்ற வரியை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்தபோது வாக்கியத்தின் தொடக்கத்தில் 'கூடுமானவரை' என்று ஒரு சொல் முளைத்திருந்தது. யார் சேர்த்தார்கள் என்று கேட்டேன். நிர்வாக வசதிக்காக என்றார்கள்.

விசாரணையின்போது அந்த வரியை நான் முதல்வருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "கூடுமானவரைன்னு போட்டிருக்கே மேடம். இங்க கூடல" என்றார்.

கல்லூரியில் இதையெல்லாம் மேற்பார்வை செய்ய ஒரு குழு இருந்தது. அதற்குத் தலைவர் நான். தடை ஆணை அவள் கைக்குப் போவதற்கு முன்பே, அதை நிறுத்தி வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். குழுவின் கருத்து ஆலோசனை மட்டுமே என்று பதில் வந்தது. அதற்குள் அவளுக்கு வளாக நேர்காணலில் கிடைத்திருந்த வேலையும் கைநழுவிப் போய்விட்டது.

இதில் எதையும் குற்றாலத்துக்குப் போன ஆட்டோவில் அவள் அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. முன்னால் இருந்த கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸின் சன்னலையும் பார்த்துக்கொண்டு வந்தார்.

பேரருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. விடுமுறை நாளும் இல்லை. இருந்தும் கால் வைக்க இடமில்லாத கூட்டம். எண்ணெய் வாடை, சிப்ஸ் வறுக்கும் வாடை, ஈரத் துணி வாடை. பெண்கள் குளிக்கும் பகுதிக்குப் போகும் தடுப்புக்கு முன்னால் அவர் நின்றுவிட்டார்.

"இதுக்கு மேல நான் வரப்பிடாதுலா" என்றார். "நீங்க போய்ப் பாருங்க மேடம். பச்சைச் சுடிதாராம். நல்லாப் பாருங்க."

கைப்பையை அவரிடம் கொடுத்துவிட்டு, கட்டியிருந்த சேலையோடு உள்ளே இறங்கினேன். கண்ணாடியைக் கழற்றினால் முகம் தெரியாது. போட்டிருந்தால் தண்ணீர் மறைக்கும். முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். தலையைக் குனிந்து நிற்கிறவர்கள், முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு நிற்கிறவர்கள், முடி முன்னால் விழுந்து மறைத்தவர்கள். அருவிக்கு அடியில் எல்லாப் பெண்களும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள். நான் ஒவ்வொருவர் தோளையும் தொட்டேன். சிலர் சிரித்துக்கொண்டு நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். குளிக்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு அம்மா, "உள்ள வாங்கக்கா, கம்பியப் பிடிச்சிக்கிடுங்க" என்று என் கையை இழுத்துக் கம்பியில் வைத்தாள். தண்ணீர் பிடரியில் இடியாக விழுந்தது. நான் என் மாணவியின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பக்கத்தில் நின்றவளுக்கே அது கேட்டிருக்காது.

வெளியே வந்தபோது அவர் நின்ற இடத்திலேயே நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் கைப்பையை நீட்டினார்.

"இன்னொரு தடவ பாக்கேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி இறங்கினேன். அவள் இல்லை.

காவல் உதவி மையத்துக்குப் போனோம். பெண் ஆய்வாளர் ஒருவர் இருந்தார். நான் நனைந்து சொட்டுவதைப் பார்த்து நாற்காலியில் துண்டு விரித்து உட்கார வைத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்ல ஏற்பாடு செய்தார். ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் தகவல் சொன்னார். பிறகு அவள் புகைப்படத்தைக் கேட்டார்.

"இந்த சீசனுக்கு முகம் பாத்துக் கண்டுபிடிக்கிற கேமரா சோதனைக்கு மாட்டியிருக்காங்க மேடம். போட்டோவப் போட்டா, எங்கயாவது மாட்டினாச் சொல்லிரும். ஆனா எழுத்துல மேலிட உத்தரவு இல்லாம யாரையும் அதுல தேடக் கூடாதுன்னு இப்ப ரூல்."

அந்த விதி எனக்குத் தெரியும். வேண்டும் என்று அரசுக் குழுவில் கேட்டவர்களில் நானும் ஒருத்தி. நினைத்த ஆட்களையெல்லாம் நினைத்த நேரத்தில் தேடுவதற்கு அந்தக் கேமராக்கள் போய்விடக் கூடாது என்று எத்தனை கூட்டங்களில் வாதாடியிருக்கிறேன்.

"எழுத்துல நான் தாரேன். போடுங்க" என்றேன்.

"நீங்க தர முடியாதே மேடம்."

"ஏதாவது ஆயிட்டா? அப்புறம் யாரு உத்தரவு வாங்கி என்ன பிரயோசனம்?" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். "உங்களக் கெஞ்சிக் கேக்கேன். போடுங்கம்மா."

ஆய்வாளர் அவள் அப்பாவைப் பார்த்தார். "மிலிட்டரியா?"

"இருந்தேன்" என்றார் அவர்.

ஆய்வாளர் எழுந்து வெளியே போய் யாரிடமோ தொலைபேசியில் பேசினார். திரும்பி வந்து, "வாயால சொல்லிட்டாங்க, எழுத்துல பின்னால வாங்கிக்கிடலாம்" என்று சொல்லிப் படத்தைக் கணினியில் ஏற்றச் சொன்னார்.

திரையில் முகங்கள் ஓடின. ஒவ்வொரு முகத்தைச் சுற்றியும் ஒரு சதுரம் வந்து வந்து மறைந்தது. அவள் அப்பா சுவரில் சாய்ந்து நின்றார். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சிறிது நேரத்தில் ஒரு சதுரம் பச்சையாக மாறி நின்றது. ஐந்தருவி. கடைகளுக்கு முன்னால் பாதி திரும்பிய ஒரு பெண்ணின் முகம், பச்சை உடை. படம் தெளிவில்லை.

"இவளா?" என்றார் ஆய்வாளர்.

"இவதான்" என்றேன். இயந்திரம் எப்படியெல்லாம் தவறாக அடையாளம் காட்டும் என்று ஆண்டுதோறும் வகுப்பில் பாடம் நடத்துகிறவள் நான். அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. அது சொன்னதை அப்படியே நம்பினேன்.

ஆய்வாளர் ஐந்தருவியில் இருந்த காவலர்களுக்குச் சொல்லிவிட்டு எங்களைத் தன் வண்டியிலேயே அனுப்பினார். பழக்கடைகளுக்கு முன்னால் வண்டி நிற்பதற்குள் அவள் அப்பா கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடினார். பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பெண் ரம்புத்தான் விலை கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏட்டி" என்று கூப்பிட்டபடி போய் அவள் கையைப் பிடித்துவிட்டார். அந்தப் பெண் திரும்பினாள். வேறு யாரோ ஒருத்தி. பயந்துபோய்க் கையை உதறினாள்.

அவளோடு வந்திருந்த அண்ணன்மார் சூழ்ந்துகொண்டார்கள்.

"யாருவே நீரு? எதுக்குப் பிள்ள கையப் பிடிச்சீரு?" என்று ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தான்.

 தன்னைப் பிடித்திருந்த கையை அவர் விலக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தால் அது தன் மகள் முகமாக மாறிவிடும் என்பதுபோல.

நான் மூச்சிரைக்கப் போய் இடையில் நின்றேன். "விடுங்கப்பா. அவரு பிள்ளயக் காணோம். இதுதான்னு நெனச்சிட்டாரு. நாந்தான் சொன்னேன், நாந்தான் சொன்னேன்."

அவன் கையை எடுத்தான். சட்டையை நீவிக்கூட விட்டான். "எந்த ஊரு அண்ணாச்சி? போட்டோ இருந்தாக் காமிங்க, நாங்களும் பாக்கோம்" என்றான். அவர்கள் அருவிப் பக்கம் பிரிந்து போய்த் தேடினார்கள். நாங்களும் தேடினோம். அங்கேயும் பெண்கள் பகுதிக்குள் நான் இறங்கினேன். கால் வழுக்கி முழங்காலில் அடிபட்டது. அவள் அங்கேயும் இல்லை.

திரும்பப் பேரருவிக்கு வந்தபோது மலையில் மழை வலுத்துவிட்டது. தண்ணீர் செம்மண் நிறத்தில் விழத் தொடங்கியிருந்தது. காவலர்கள் விசில் ஊதிக் கூட்டத்தை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். ஈரத் துணியோடு ஆட்கள் எங்களைத் தாண்டி ஓடினார்கள். ஆண்கள் பகுதியிலும் பெண்கள் பகுதியிலும் ஒருவர்கூட இல்லாமல் போயிற்று. யாருமில்லாத அந்த இடத்தில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் இருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தார்.

"மேடம், மறைக்காமச் சொல்லுங்க. பிள்ள எதும் செஞ்சிருக்குமா?"

அப்படியெல்லாம் இருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் தலையை ஆட்டிக்கொண்டார், நான் பதில் சொல்லிவிட்டதுபோல.

"பனியில, குண்டுக்கு நடுவுலயெல்லாம் நின்னுருக்கேன்" என்றார். "இப்பிடிக் கையி நடுங்கினதில்ல, பாருங்க." கையை நீட்டிக் காட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.  இரண்டு பேரும் சாரலில் நின்றோம். சென்னையில் அந்த வழுவழுப்பான மேசையைச் சுற்றி நான் பேசிய பேச்சுகள், எழுதிய வரிகள், அவற்றுக்காக எனக்குப் போர்த்திய சால்வைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. இந்த மனிதருக்குச் சொல்ல அவற்றில் ஒரு சொல் இல்லை.

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. தெரியாத எண். எடுத்தார். 

"எங்கனட்டி நிக்கே?" என்றார். பிறகு, "சரி. அங்கனயே இரி. எங்கயும் போவாத. அப்பா வாரேன்."

போனை அணைக்கத் தோன்றாமல் என்னிடம் கொடுத்தார். "செங்கோட்டைல நிக்காளாம்" என்று சொல்லிவிட்டு அப்படியே பாலத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

செங்கோட்டை பஸ் நிலையத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். காலையில் குற்றாலத்தில் இறங்கி, அருவிப் பக்கம் போய், கூட்டத்தைப் பார்த்துவிட்டு நெடுநேரம் நின்றிருக்கிறாள். பிறகு மலையாளப் பக்கம் போகிற ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். எங்கே போகிறோம் என்று தெரியவில்லை. செங்கோட்டை வந்ததும் இறங்கிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மலையாளத்து அம்மாதான், "மோளே, வீட்டில ஆரெங்கிலும் உண்டோ?" என்று கேட்டுத் தன் போனைக் கொடுத்திருக்கிறார். அப்பாவின் எண் ஒன்றுதான் அவளுக்கு மனப்பாடம்.

அவர் அவளைத் திட்டவில்லை, அணைத்துக்கொள்ளவும் இல்லை. எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சாப்பிட்டியா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள். அவர் எழுந்து போய் இரண்டு பரோட்டா பொட்டலத்தோடு வந்தார். அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "அப்பா, அப்பா, ஒண்ணுமில்லப்பா. சும்மாதான் போனேன்" என்றாள்.

சும்மாதான் போனாளா என்று நான் அன்றும் கேட்கவில்லை, பின்னாலும் கேட்கவில்லை.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் சேலை இன்னும் காயவில்லை. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"அருவில குளிச்சிங்களா மேடம்?"

"உன்னத் தேடி இறங்கினேன்மா."

அவள் அழத் தொடங்கினாள். காலையில் இருந்து அவள் அழுதிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். அழுகைக்கு நடுவே, "நான் பாக்கல மேடம். சத்தியமா நான் பக்கத்துல பாக்கல" என்றாள். அது எனக்கு முதல் நாளே தெரியும் என்றேன். தெரிந்து என்ன ஆயிற்று என்று அவள் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

அடுத்த வாரம் கல்லூரியில் கூட்டம் போட்டார்கள். ஒரு மாணவி காணாமல் போன செய்தி வெளியே பரவியிருந்தது. மென்பொருள் நிறுவனத்துக்காரர் மறுபடியும் திரையில் தோன்றினார். இயந்திரத்தின் கண்டிப்பைக் கொஞ்சம் தளர்த்தி வைக்கலாம், அதற்கு மென்பொருளுக்குள்ளேயே ஒரு செட்டிங் இருக்கிறது என்றார். அது முதலிலேயே இருந்ததா என்று கேட்டேன். இருந்தது, யாரும் கேட்கவில்லை என்றார். அப்படியானால் பிரச்சினை தீர்ந்தது என்று முதல்வர் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் என்று கேட்டேன். கருணை அடிப்படையில் தடையை நீக்கலாம், ஆனால் அவள் மன்னிப்புக் கேட்டு எழுதித் தர வேண்டும் என்றார்கள். தவறு இயந்திரத்துடையது என்று கல்லூரிதான் எழுதித் தர வேண்டும் என்றேன். அப்படி எழுதினால் சிவப்புக் குறி விழுந்த மற்றவர்களும் கிளம்பிவிடுவார்கள் என்றார் ஒருவர். யாரும் கோபப்படவில்லை. டீ வந்தது.

நான் போனில் அவளிடம் சொன்னேன். "நான் என்ன செஞ்சேன்னு மன்னிப்புக் கேக்கணும் மேடம்?" என்றாள். அவ்வளவுதான். அவள் திரும்பி வரவில்லை. நான் குழுத் தலைவர் பொறுப்பை விட்டேன். அடுத்த நாளே வேறு ஒருவரைப் போட்டுவிட்டார்கள்.

புரட்டாசியில் அவளைப் பார்க்கத் திருவேங்கடம் போனேன். கரிசலில் விதைப்புக்கு உழுது போட்டிருந்தார்கள். மழை இன்னும் வரவில்லை. சாரல் சங்கரன்கோவிலைத் தாண்டாது. அவள் அம்மா டீ போட்டுக் கொடுத்தார். அவள் அந்த ஊரில் ஒரு இ-சேவை கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குச் சாதிச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி என்று ஊரில் பெயர் வாங்கியிருந்தாள். கறுப்புக் கண்ணாடி ஒன்று போடத் தொடங்கியிருந்தாள். வீட்டுக்குள்ளும் அதைக் கழற்றவில்லை.

வேறு கல்லூரியில் சேர்த்துவிட ஏற்பாடு செய்வதாகச் சொன்னேன். எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஓராண்டுதான் போகும் என்றேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அங்கயும் இந்த கேமரா இருக்கும்லா மேடம்?"

 எல்லா இடத்திலும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

"வேலைக்கு இன்டர்வியூவும் இப்ப கேமராலதான நடக்குதாம்" என்றாள். "என் கூடப் படிச்சவ சொன்னா. நேராப் பாக்கணுமாம். கண்ண அசைக்கக் கூடாதாம்."

"அதையெல்லாம் எதிர்த்துத்தான்மா நாங்க" என்று தொடங்கினேன்.  அவள் என் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் அப்பா பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தார். வழியில் நின்றவர்களிடம் எல்லாம், "பிள்ளையோட புரபசர், தென்காசிலருந்து வந்திருக்காவ" என்று சொன்னார். நிழலில்லாத இடம். இருவரும் நின்றோம். அவளிடம் இன்னும் கொஞ்சம் பேசிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன்.

"வேண்டாம் மேடம்" என்றார். "காலைல எந்திச்சதும் அவ படுத்திருக்காளான்னு எட்டிப் பாக்கேன். இருக்கா. எனக்கு அது போதும்."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். அவர் சொன்னது அவருக்குச் சரி. எனக்கு அது போதவில்லை. என்ன செய்தால் போதும் என்றும் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை முதல் வகுப்பு எனக்கு இருந்தது, போய் நடத்தினேன்.